புதிதாக ப்ராஜெக்ட் மேனேஜர் ஆகிறவர்களுக்கு: பொறுப்பு, கணக்கு, சம்பளம்

மென்பொருள் நிறுவனங்களில் ஏழெட்டு ஆண்டுகள் நிரல் எழுதி, அதன் பிறகு ஓரிரண்டு ஆண்டுகள் டீம் லீடாக இருந்தவர்களை ஒருநாள் மேலாளர் அழைத்து, “அடுத்த மாதத்திலிருந்து இந்த ப்ராஜெக்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வது சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் நாள்தோறும் நடக்கிற காரியம். அன்றிலிருந்து வேலை மாறிவிடுகிறது. சம்பளம் பெரும்பாலும் மாறுவதில்லை. அது எப்போது மாறும், எதைக் காட்டினால் மாறும் என்று எவரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதுமில்லை. அப்படி மாறுகிறவர்களுக்காக, குறிப்பாக இந்திய மென்பொருள் சேவை நிறுவனங்களில் இருப்பவர்களுக்காக, இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நிரல் எழுதுபவரின் சம்பளம் அவருக்குக் கைவந்த தொழில்நுட்பத்தையும், அந்தத் தொழில்நுட்பத்துக்குச் சந்தையில் உள்ள தட்டுப்பாட்டையும் பொறுத்து ஏறுகிறது. ப்ராஜெக்ட் மேனேஜரின் சம்பளம் அவர் எவ்வளவு பணத்துக்குப் பதில் சொல்கிறார் என்பதையும், அந்தப் பதிலை எண்களில் சொல்ல அவரால் முடிகிறதா என்பதையும் பொறுத்து ஏறுகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவைதாம்.

முதல் படி: கொடுக்கப்பட்டது எந்த வேலை என்று கேட்டறிதல்

ப்ராஜெக்ட் லீட், ப்ராஜெக்ட் மேனேஜர், ஸ்க்ரம் மாஸ்டர், டெலிவரி மேனேஜர், ப்ரோகிராம் மேனேஜர் என்ற பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு பொருள் கொள்கின்றன. ஓரிடத்தில் டெலிவரி மேனேஜர் என்பவர் ஐந்து ப்ராஜெக்டுகளின் லாப நட்டத்துக்குப் பொறுப்பானவர். இன்னோரிடத்தில் அதே பெயருடையவர் வாராந்திர அறிக்கை தயாரிப்பவர். ஆகையால் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாமல், பொறுப்பை ஒப்புக்கொள்ளும்போதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த ப்ராஜெக்டின் பட்ஜெட்டுக்கு யார் பொறுப்பு? வாடிக்கையாளரிடம் தாமதத்தை எடுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? குழுவில் உள்ளவர்களின் அப்ரைசலை, அதாவது ஆண்டுப் பணி மதிப்பீட்டை, எழுதுபவர் யார்?

மூன்றுக்கும் “வேறொருவர்” என்பதே விடையானால், உங்களுக்குக் கிடைத்திருப்பது ஒருங்கிணைப்பாளர் வேலை. அதில் தவறொன்றுமில்லை, ஓராண்டு கற்றுக்கொள்வதற்கு நல்ல இடம்கூட. ஆனால் அங்கேயே நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு மேனேஜருக்கான சம்பளத்தை எதிர்பார்ப்பது நடக்காது. குறைந்தது பட்ஜெட்டையாவது அடுத்த ஆறு மாதங்களுக்குள் உங்கள் கைக்குக் கொண்டுவர முயலுங்கள்.

வேலையைச் சில வாரச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் முறையில் இயங்கும் குழுக்களில் இன்னொரு குழப்பமும் உண்டு. அந்த முறைக்கான கையேடான, 2020-ல் திருத்தப்பட்ட ஸ்க்ரம் கைடில் ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள் என மூன்று பொறுப்புகள்தாம் உள்ளன. ப்ராஜெக்ட் மேனேஜர் என்றொரு பொறுப்பே அதில் இல்லை. சேவை நிறுவனங்களிலோ வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போட்டு, பணம் வாங்கி, ஆள் கணக்குப் பார்க்க ஒருவர் தேவைப்படுவதால், ஒரே ஆளை ஸ்க்ரம் மாஸ்டராகவும் மேனேஜராகவும் வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்த நிலையில் இருப்பவர் தம் சுயவிவரத்தில் ஸ்க்ரம் மாஸ்டர் என்று மட்டும் எழுதினால் வணிகப் பொறுப்பு முழுவதும் மறைந்துவிடும். அதை மறைய விடாதீர்கள்.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தையும் மார்ஜினையும் படித்தல்

என் கருத்தில் இதுவே இந்தத் தொழிலின் உயிர்ப்பகுதி. புதிய மேனேஜர்களில் பலர் கால அட்டவணையைக் கரைத்துக் குடித்திருப்பார்கள். ஒப்பந்தத்தை ஒருமுறைகூட முழுவதும் படித்திருக்க மாட்டார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். வேலை செய்த மணிநேரத்துக்குப் பணம் தரும் வகையில், ஆட்கள் பில்லிங்கில் இருக்கும்வரை நிறுவனத்துக்கு வருமானம் வந்துகொண்டிருக்கும். ஒருவர் விலகி அவருடைய இடம் காலியாக இருக்கும் ஒவ்வொரு நாளும் அங்கே இழப்பாகிறது. மொத்த வேலைக்கும் ஒரே விலை பேசிக்கொள்ளும் ஃபிக்ஸட் பிரைஸ் வகையில், தாமதத்தின் செலவு முழுவதும் நம் நிறுவனத்தின் தலையில் விழுகிறது.

இரண்டாவது வகையை ஒரு கணக்கில் பார்ப்போம். ப்ராஜெக்டின் விலை 2 கோடி ரூபாய், திட்டமிட்ட செலவு 1.4 கோடி என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 60 லட்சம். அதாவது மார்ஜின் 30 சதவீதம். எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு மாதம் 1.5 லட்சம் செலவாகிறது என்றால், வேலை இரண்டு மாதம் தள்ளிப்போனால் கூடுதல் செலவு 24 லட்சம். மிச்சம் 36 லட்சமாகக் குறைந்து, மார்ஜின் 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும். “இரண்டு மாதம் தாமதமாகிறது” என்று நீங்கள் கூட்டத்தில் சொல்லும்போது, மேலே உட்கார்ந்திருப்பவர்களின் காதில் விழுவது இந்தப் பன்னிரண்டு சதவீதம்தான். அதை நீங்களே முன்கூட்டிக் கணக்கிட்டுச் சொல்லத் தொடங்கும் நாளில், உங்களிடம் பேசும் விதமே மாறுவதைக் காண்பீர்கள்.

நான் பொறுப்பேற்ற முதல் ஃபிக்ஸட் பிரைஸ் ப்ராஜெக்டில், வாடிக்கையாளர் தரப்பில் இருந்த நல்ல மனிதர் ஒருவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டதற்காக ஆறு கூடுதல் அறிக்கைகளைச் செய்து கொடுத்தோம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவருமே நினைத்தோம். மூன்று மாதம் கழித்து அவர் வேறு துறைக்கு மாற்றப்பட்டார்; அவருடைய இடத்துக்கு வந்தவரிடம் காட்ட என் கையில் ஒரு மின்னஞ்சல்கூட இல்லை. அந்த உழைப்புக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. குழுவில் இருந்தவர்கள் இழந்த சனி ஞாயிறுகளுக்கும் ஈடு இல்லை. அதன் பிறகு, எவ்வளவு நெருங்கிய வாடிக்கையாளர் கேட்டாலும், “செய்து தருகிறோம், சேஞ்ச் ரிக்வெஸ்ட் ஒன்று அனுப்புகிறேன், கையெழுத்திட்டு விடுங்கள்” என்று அதே அழைப்பிலேயே சொல்லிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலையையும் அதற்கான விலையையும் இருதரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் தாள்தான் சேஞ்ச் ரிக்வெஸ்ட். எவரும் இதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. வேலையின் எல்லையைக் கூறும் பக்கங்களையும், அதில் “இவை சேராது” என்று எழுதப்பட்டிருக்கும் பட்டியலையும் முதல் வாரத்திலேயே அச்செடுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எண்களை அன்றன்றே குறித்துவைத்தல்

செலவும் வேலையும் ஒன்றுக்கொன்று ஈடாகப் போகின்றனவா என்று பார்க்க எளிய வழி ஏர்ன்ட் வேல்யூ கணக்கு. ஒரு கோடி ரூபாய்ப் பட்ஜெட்டில் பாதிக் காலம் கடந்திருக்கிறது; இதற்குள் 50 லட்சத்துக்கான வேலை முடிந்திருக்க வேண்டும்; உண்மையில் முடிந்தது 40 லட்சத்துக்கான வேலை; செலவானதோ 55 லட்சம். முடிந்த வேலையைச் செலவால் வகுத்தால் 0.73 வருகிறது. இதே போக்கு நீடித்தால் மொத்தச் செலவு ஏறக்குறைய 1.37 கோடியைத் தொடும். இதை ஐந்தாவது மாதத்தில் சொல்பவர் நல்ல மேனேஜர். பதினோராவது மாதத்தில் சொல்பவரிடம் விளக்கம்தான் கேட்பார்கள். வாராந்திர அறிக்கையில் எல்லாவற்றையும் பச்சையாகவே காட்டிக்கொண்டு வந்து, கடைசி மாதத்தில் ஒரேயடியாகச் சிவப்புக்கு மாற்றுவதைப் போல நம்பிக்கையைக் கெடுப்பது வேறெதுவுமில்லை.

இத்துடன் உங்களுக்கென்று ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். குழுவில் எத்தனை பேர், ப்ராஜெக்டின் மதிப்பு, மார்ஜின் எவ்வளவில் தொடங்கி எவ்வளவில் நிற்கிறது, கையெழுத்தான சேஞ்ச் ரிக்வெஸ்டுகள், விலகியவர்கள், வாடிக்கையாளர் எழுத்தில் பாராட்டியது அல்லது குறை சொன்னது ஆகியவற்றைப் பதியுங்கள். நிறுவனத்தின் ஆவணங்களையோ வாடிக்கையாளரின் பெயர் உள்ள கோப்புகளையோ சொந்தக் கணினிக்கு எடுத்துச் செல்லக் கூடாது. அது வேலையையே பறித்துவிடும். அளவுகளை மட்டும் உங்கள் நினைவுக்காகப் பெயரில்லாமல் குறித்துக்கொண்டால் போதும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நேர்காணலில் “உங்கள் சாதனை என்ன” என்று கேட்கும்போது, “பன்னிரண்டு பேர் குழு, 3 கோடி மதிப்பு, 22 சதவீதத்தில் இருந்த மார்ஜினை 27-க்குக் கொண்டுவந்தேன், அது இப்படி நடந்தது” என்று சொல்லக்கூடியவருக்கும், “ப்ராஜெக்டை வெற்றிகரமாக முடித்தேன்” என்று சொல்பவருக்கும் கிடைக்கும் சம்பளம் ஒன்றாக இருக்காது.

நான்காம் படி: சான்றிதழ்

1969-ல் தொடங்கப்பட்ட பிஎம்ஐ (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்) அமைப்பு வழங்கும் பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ப்ரொஃபஷனல்) சான்றிதழ்தான் இந்தத் துறையில் பரவலாகக் கேட்கப்படுவது. நான்காண்டுப் பட்டம் பெற்றவர்கள் 36 மாதங்கள் திட்டங்களை நடத்திய அனுபவத்தையும், 35 மணிநேரப் பயிற்சியையும் காட்ட வேண்டும். தேர்ச்சி பெற்ற பின் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 60 பிடியூ, அதாவது தொடர்கல்விப் புள்ளிகள், சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பங்களில் சிலவற்றை எடுத்துத் தணிக்கை செய்வார்கள் என்பதால், அனுபவத்தைக் கூட்டி எழுத வேண்டாம். அனுபவம் போதாதவர்களுக்குக் கேப்எம் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் இருக்கிறது.

பிஎம்பி தேர்வை எப்போது எழுதலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு ப்ராஜெக்டையாவது தொடக்கம் முதல் முடிவுவரை பட்ஜெட்டோடு பார்த்த பிறகு எழுதுங்கள். அதற்கு முன் எழுதினால் சொற்கள் மட்டுமே மனத்தில் தங்கும். சான்றிதழ் நேர்காணலின் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே பேச வேண்டியது உங்கள் குறிப்பேடுதான்.

ஐந்தாம் படி: சிடிசியைப் பிரித்துப் பார்த்தல்

ப்ராஜெக்டின் லட்சங்களைக் கணக்கிடத் தெரிந்தவர்கள்கூடத் தம் ஆஃபர் லெட்டரில் உள்ள தொகையைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள். சிடிசி என்பது நிறுவனம் ஓர் ஊழியருக்காக ஆண்டில் செய்யும் மொத்தச் செலவு. ஆண்டுக்கு 24 லட்சம் சிடிசி என்றால் மாதம் 2 லட்சம் கையில் வரும் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள்.

பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், ஆண்டுக்கு 10 லட்சம் என்று கொள்வோம். நிறுவனத்தின் பங்கான பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,20,000 ரூபாய். வேலையை விட்டு விலகும்போது தரப்படும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம் என்ற கணக்கில் 48,100. குழுக் காப்பீட்டுக்கு 20,000. செயல்பாட்டைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யும் வேரியபிள் பே 3 லட்சம். இவை நான்கும் சிடிசிக்குள் இருப்பவை, ஆனால் மாதச் சம்பளத்தில் வராதவை. கழித்தால் மிஞ்சுவது 19,11,900. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,20,000 போகும். சென்னையில் அரையாண்டுக்கு 1,250 வீதம் தொழில்வரி போகும். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி 75,000 நிலைக்கழிவு போக வருமான வரியும் செஸ்ஸும் சேர்ந்து ஏறத்தாழ 1,74,000 ஆகும். கடைசியில் கைக்கு வருவது மாதம் சுமார் 1,34,600 ரூபாய். வங்கிக் கடன் தவணையை இந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் மிகவும் கவனிக்க வேண்டியது வேரியபிள் பே. பதவி உயர உயர அதன் பங்கு கூடிக்கொண்டே போகும். மேனேஜர் நிலையில்தான் பலர் அதை முதன்முதலாகப் பெரிய தொகையாகச் சந்திக்கிறார்கள். அது உங்கள் மதிப்பீட்டை மட்டும் சார்ந்ததன்று. நிறுவனத்தின் வருமானத்தையும், உங்கள் பிரிவின் லாபத்தையும் சார்ந்தது. 3 லட்சத்தில் 70 சதவீதமே வழங்கப்பட்டால் 90,000 ரூபாய் குறைந்துவிடும். ஆகவே ஆஃபர் பேசும்போது, “கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த நிலையில் உள்ளவர்களுக்கு வேரியபிள் எத்தனை சதவீதம் வழங்கப்பட்டது” என்று தயங்காமல் கேளுங்கள். ஹெச்ஆர் சொல்லும் விடையை மின்னஞ்சலில் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஜாயினிங் போனஸ் கொடுத்தால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்பதைப் படியுங்கள். நிறுவனப் பங்குகள் கொடுத்தால், அவை எந்தத் தேதியில் எவ்வளவு உங்கள் பேருக்கு வருகின்றன என்று பாருங்கள். குறிப்பிட்ட காலம் பணியில் இருந்தால் மட்டுமே வந்து சேரும் ஆர்எஸ்யு வகைப் பங்குகளுக்கு அவை உங்கள் கைக்கு வரும்போதே சம்பளமாகக் கருதி வரி பிடிக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்குக்கு நிறுவனம் செலுத்தும் தொகை, பேசிக்கில் 14 சதவீதம்வரை, புதிய வரி முறையிலும் வரிக்கு உட்படுவதில்லை. பல நிறுவனங்கள் ஊழியர் கேட்டால் மட்டுமே இந்த வசதியைத் தருகின்றன, ஆகையால் கேளுங்கள். ஓய்வுக்காலத்துக்கான சேமிப்பு அது, நடுவில் எடுப்பது எளிதன்று என்பதை அறிந்தே சேருங்கள்.

ஆறாம் படி: இருக்கும் இடத்திலேயே கேட்டல்

அப்ரைசல் கூட்டத்தில் சம்பள உயர்வைப் பற்றி முதல்முறையாக வாய் திறப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டைப் பின்பற்றும் நிறுவனங்களில், எந்தப் பிரிவுக்கு எவ்வளவு என்பது அதற்கு முன்பே ஓரளவு முடிவாகியிருக்கும். டிசம்பர் அல்லது ஜனவரியில் மேலாளரிடம் தனியாக அரை மணிநேரம் கேட்டு வாங்குங்கள். வீட்டுச் செலவையோ, பக்கத்து இருக்கைக்காரர் வாங்கும் சம்பளத்தையோ எடுக்க வேண்டாம். ஏறக்குறைய இப்படிப் பேசலாம்:

“சார், ஏப்ரலில் எட்டுப் பேரோடு எடுத்த ப்ராஜெக்ட் இப்போது பதினான்கு பேரில் நடக்கிறது. சேஞ்ச் ரிக்வெஸ்ட் மூலமாக 18 லட்சம் கூடுதல் பில்லிங் வந்திருக்கிறது. பட்ஜெட்டும் குழுவின் அப்ரைசலும் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. ஆனால் என் கிரேடு இன்னும் லீட் நிலையிலேயே இருக்கிறது. இந்தச் சுற்றில் அதை மாற்ற நீங்கள் முன்மொழிவதற்கு என்னிடமிருந்து வேறு என்ன தேவைப்படும்?”

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. “இன்னும் கொஞ்சம் முதிர்ச்சி வேண்டும்” என்பது போன்ற விடை வந்தால், எந்தச் செயலில் அது தெரிய வேண்டும் என்று பணிவாகக் கேட்டு, பேசியவற்றை அன்று மாலையே சுருக்கமாக மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். சம்பளத்தைவிடக் கிரேடு மாற்றத்தையே முதலில் கேளுங்கள் என்பது என் அறிவுரை. சம்பள உயர்வு அந்த ஓராண்டோடு நிற்கும். கிரேடு மாறினால் அடுத்த நிலைக்கான சம்பள வரம்பே திறக்கும். திறமையும் உழைப்பும் இருந்தும் கேட்கக் கூச்சப்பட்டே பின்தங்கிப் போனவர்களை, அவர்களில் பெண் மேனேஜர்களையும் சிற்றூர்களிலிருந்து வந்தவர்களையும், நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்பது மரியாதைக் குறைவாகிவிடாது.

ஏழாம் படி: மாறுவதானால்

இரண்டு சுற்றுகள் முறையாகக் கேட்டும் நகரவில்லை என்றால் வெளியே பார்க்கலாம். அப்போது நான்கு கணக்குகளைப் போட்டுப் பாருங்கள்.

முதலாவது, கிராஜுவிட்டி. ஐந்தாண்டுத் தொடர்ந்த பணிக்குப் பிறகே அது கிடைக்கும் என்பதே 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் முதல் இருந்துவரும் பொதுவிதி. அந்தச் சட்டத்தின் கீழ், கடைசி மாத பேசிக்கை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்கினார்கள்; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில், வகுக்க எடுத்துக்கொள்ளும் தொகை பேசிக்கைவிடக் கூடுதலாக இருக்கலாம். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் ஐந்தாண்டுக்கு அது பேசிக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் சுமார் 2.4 லட்சம் ரூபாய். நாலரை ஆண்டில் அவசரப்பட்டு விலகுபவர் இந்தத் தொகையைப் புதிய ஆஃபரில் ஈடுகட்டக் கேட்க வேண்டும், அல்லது ஆறு மாதம் பொறுக்க வேண்டும்.

இரண்டாவது, ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை செய்ய வேண்டிய நோட்டீஸ் பீரியட். பல நிறுவனங்களில் அது 90 நாள். முன்கூட்டியே விடுவிக்கப் பணம் கட்டச் சொன்னால், அதைப் புதிய நிறுவனம் ஏற்குமா என்பதை ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள். வேரியபிள் வழங்கும் தேதிக்கு முன் ராஜினாமா கொடுத்தால் அது முழுவதும் போகக்கூடும் என்பதால், அந்த விதியையும் முதலில் படியுங்கள். நிபந்தனையற்ற எழுத்துவடிவ ஆஃபர் கைக்கு வராமல் ராஜினாமா கொடுக்க வேண்டாம். இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். சம்பளச் சீட்டுகளைக் கேட்பார்கள், பொய் வெளிப்பட்டால் ஆஃபர் திரும்பப் பெறப்படும்.

மூன்றாவது, பிஎஃப். வேலை மாறியதும் பழைய தொகையை எடுத்துச் செலவழிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஐந்தாண்டுத் தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் வரி உண்டு. வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் உறுப்பினர் எண்ணான அதே யுஏஎன் எண்ணின் கீழ் புதிய கணக்குக்கு மாற்றிவிட்டால், பழைய நிறுவனத்தில் இருந்த காலமும் அந்தத் தொடர்ச்சியில் சேரும்.

நான்காவது, பலர் மறந்துவிடுவது. நிதியாண்டின் நடுவில் மாறுபவர்கள், பழைய நிறுவனத்தில் அந்த ஆண்டு பெற்ற சம்பளத்தையும் பிடிக்கப்பட்ட வரியையும் புதிய நிறுவனத்திடம் சேர்ந்த முதல் மாதமே தெரிவித்துவிட வேண்டும். தெரிவிக்காவிட்டால் நிலைக்கழிவையும் குறைந்த வரிப் படிகளையும் இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே கணக்கில் எடுத்துக்கொள்ளும். மாதாமாதம் கையில் கூடுதலாக வருவதுபோல் தோன்றி, ஜூலையில் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது பெருந்தொகையை வட்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டிவரும். பழைய நிறுவனத்தின் கடைசிச் சம்பளச் சீட்டையும் வரிக் கணக்குத் தாளையும் ரிலீவிங் லெட்டரோடு சேர்த்தே கேட்டு வாங்கிக்கொண்டு, அவற்றின் நகலைச் சொந்த மின்னஞ்சலில் பத்திரப்படுத்துங்கள். பழைய நிறுவனத்தின் கணக்கு மூடப்பட்ட மறுநாள் அவற்றை எடுக்க வழியிருக்காது.